தம்பியின் கண்ணில் எழாத அலை

புதுவை
18-11-84

அன்பு மகள் கமலவேணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் பிரான்சில் அந்த ஸ்ட்ராஸ்பூர் குளிரில் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு ஆலையில் பகல் ஷிப்டு கிடைத்துவிட்டது, மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நீ பதறுவாய் என்று இதுவரை எழுதாத ஒரு சேதி இருக்கிறது, நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால் பயப்படாமல் படி.

போன மாதம் தம்பி அரிகிருஷ்ணன் நம் ஊர் மேட்டுப்பாளையம் கம்பெனியில் வேலை முடிந்து பொழுது சாய்ந்தபின் சைக்கிளில் வரும்போது வாய்க்காலில் விழுந்துவிட்டான், முழங்கையில் தையல். இருட்டினால் அவனுக்குக் கண் தெரியாது என்பது சின்ன வயதிலிருந்தே உள்ளதுதான், ஆனால் இந்தத் தடவை பயந்துவிட்டான். உன் சித்தப்பா கலியமூர்த்திக்கும் முதலில் இரவில்தானே தெரியாமல் போனது, பிறகு பகலும் போய்விட்டதே, தனக்கும் அதுதான் கதி என்று முடிவு கட்டிவிட்டான். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் தவளக்குப்பம் போய், அவனுக்கு நிச்சயம் செய்திருக்கும் பார்வதியின் அப்பா தணிகாசலத்திடம், "மாமா, எனக்குக் கண்ணு போயிடும், உங்க பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார், அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு நான்தான் அவனை மெட்ராஸில் ஒரு கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இருட்டறையில் வெகுநேரம் உட்காரவைத்து, மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கம்பி வைத்த சின்ன வில்லையை விழிமேல் பொருத்தி, பளிச் பளிச்சென்று வெளிச்சம் காட்டினார்கள். அவன் என் கையை விடவே இல்லை. கண்ணில் உண்டாகும் மின்சாரம் காகிதத்தில் கோடாக வந்தது. டாக்டரம்மா அதைக் காட்டி, முதலில் வரும் பள்ளம் சரியாக இருக்கிறது, அதன்பின் எழ வேண்டிய மேடு இல்லை என்றார். நீ போன வருஷம் லீவில் வந்தபோது சொன்னது ஞாபகம் வந்தது. வெளிச்சம் பட்டால் கண்ணில் உள்ள நரம்புச் செல்கள் பொட்டாசியத்தை வெளியே விடும், அவற்றைத் தாங்கி நிற்கும் செல்கள் அதை வாங்கிக்கொள்ளும்போதுதான் மேடு போலப் பெரிய அலை எழுகிறது, தாங்கும் செல்லுக்குப் பார்க்கத் தெரியாது, அதைத்தான் தவளைக் கண்ணில் ஆராய்கிறேன் என்றாயே. "அப்ப தாங்குற செல்லெல்லாம் செத்துப்போச்சா டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் உயிரோடு இருப்பதால்தான் அந்தப் பள்ளமாவது வந்ததாம். அவை சொல்லும் சேதி அடுத்த செல்லுக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் அது பொட்டாசியத்தை விடவில்லை, தாங்கும் செல்களும் சும்மா இருக்கின்றன, சாகவில்லை. சித்தப்பாவுக்கு வந்த நோயாக இருந்தால் பள்ளமும் அழிந்திருக்குமாம். "இது பொறந்ததுலேருந்தே இருக்கறதும்மா, மருந்து கெடையாது, ஆனா இதுக்கு மேல மோசமாவாது, பகல் பார்வை அப்படியே இருக்கும்" என்றார். அப்போதுதான் அவன் என் கையை விட்டான்.

ஊர் திரும்பியதும் அவனோடு நானும் தவளக்குப்பம் போனேன். தணிகாசலம் முகம் கொடுத்தே பேசவில்லை. டாக்டர் சொன்னதை இவன் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் உள்ளே இருந்த பார்வதி வெளியே வந்து, "இருட்டுல நான் கையப் புடிச்சிக்கினு வரேன், ஆனா இனிமே என்னைக் கேக்காம எங்கப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவள் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. தை மாதம் கல்யாணம், பகல் முகூர்த்தமாகவே பார்த்திருக்கிறோம்.

நீ வேளைக்குச் சாப்பிடு, எந்நேரமும் அந்தத் தவளைக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்து உன் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. தைக்கு லீவு இப்போதே கேட்டு வை, மறக்காதே. இன்னொன்று. மெட்ராஸிலிருந்து வரும் பஸ்ஸில் அவன், "அக்கா என்னாலதான் இந்தப் படிப்ப எடுத்துச்சாம்மா?" என்று கேட்டான். அக்காவையே கேள் என்றேன், அதை நீயே அவனுக்கு எழுது. நீண்ட ஆயுசோடும் நிறைந்த மனசோடும் இரு, என் கண்ணே.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
ஆதிலட்சுமி