பனி மெஷினுக்குப் போட்ட பூ

மாப்ள,

இன்று காலை தோசை மாவு எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நேற்று கராமா கடைத்தெருவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை என் வீட்டுக்காரி ஈரத்துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்தாள். குளிரோடு சேர்ந்து அந்த வாசம் முகத்தில் அடித்தது. மாவை மறந்து நின்றுவிட்டேன். கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு என்ன கனவு என்று அடுப்பருகிலிருந்து அதட்டியவள், என் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கி, "அண்ணன் நெனப்பா?" என்றாள். தங்கச்சி தங்கச்சி என்று நீ கூப்பிட்டுப் பழக்கியதில் அவளுக்கும் ஓர் அண்ணன் இல்லாமல் போய்விட்டான். மாவை அவளே வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

மல்லிகை என்றால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வரும், கல்யாணம் நினைவு வரும். எனக்கு டிராக்டர் நினைவு வருகிறது. எல்லாம் உன்னால் வந்த வினை.

நம் வேலையைச் சொன்னால் ஊரில் யாரும் நம்பியதில்லை. வெளியே செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத பாலைவன வெயில். உள்ளே, பெரிய கூரைக்கு அடியில், மெஷின் வைத்து உண்டாக்கிய பனி. காசு கொடுத்துக் குளிர வருகிறவர்களுக்கு ஜாக்கெட்டும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் என் பொறுப்பு. அவர்கள் சறுக்கிச் சறுக்கி ஓரத்தில் ஒதுக்கும் பனியை அள்ளித் திரும்ப மேட்டில் வீசும் சின்ன டிராக்டர் உன் பொறுப்பு. டிராக்டரின் முன்னால் மாட்டியிருந்த பனி மெஷினின் வாயில் ஓர் இரும்புச் சுருள் சுற்றும். அது பனியை உள்ளே இழுக்க, பின்னாலிருக்கும் விசிறி குழாய் வழியாகத் தூக்கி எறியும். பரமக்குடிப் பக்கம் வயல் உழுதுகொண்டிருந்த நீ, இரண்டு குரங்குக் குல்லாயை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். "சிரிடா சிரி. ஒரு நாளைக்கு ஒன்னைய உள்ளார வச்சுப் பூட்டுறேன், அப்பத் தெரியும்" என்பாய். குளிரைத் திட்டாமல் நீ ஒரு டூட்டியும் முடித்ததில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கும் பூப் போட்டே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாய். சந்தனமும் குங்குமமும் போதாதா என்று கேட்டேன். "ஊர்ல டிராக்டருக்குப் போடுறோம்ல? இதுவும் டிராக்டர்தான. குளிர்ல கெடந்தா சாமி வராதா?" என்றாய். விறைத்துக் கீழே விழுந்துவிடக் கூடாதென்று சரத்தை இரும்புச் சுருளின் தண்டில் இறுக்கிச் சுற்றிக் கட்டினாய். ஊரில் பூவை வாழைநாரில் கட்டுவார்கள், இழுத்தால் அறுந்துவிடும். இங்கே கிடைத்தது நைலான் நூலில் கட்டிய பூ. மறுநாள் மேனேஜர் கண்ணில் படுவதற்குள் எல்லாவற்றையும் பிய்த்து எடுத்துவிட்டதாகத்தான் நீ நினைத்தாய், நானும் நினைத்தேன்.

சில நாள் கழித்து, சரியாக நீ ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் காலையில், மெஷின் நின்றது.

நீ இங்கே வந்த பிறகு பிறந்தவள் உன் மகள். போனில்தான் அவளை உனக்குத் தெரியும். அவளுக்கு நீ கண்ணாடிக்குள்ளிருந்து கொஞ்சுகிற ஒரு முகம், அவ்வளவுதான். குலசாமி கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதற்காக, எத்தனையோ முறை கேட்டுக் கேட்டுக் கிடைத்த லீவு அது. சாயங்காலம் ஃபிளைட். நீ தங்கியிருந்த அல் கூஸ் கேம்பில் உன் பெட்டி கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. மேனேஜரோ, மெஷின் உன் பொறுப்பில் இருக்கிறது, அது ஓடினால் நீ போகலாம், ஓடாவிட்டால் லீவு மாஃபி, கலாஸ், லீவு கிடையாது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் பாய் லீவில் பெஷாவர் போயிருந்தார். நீ ஓட்டத் தெரிந்தவன், உள்ளே என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியாது. எனக்கு பூட்ஸ் சைஸ் தவிர ஒன்றும் தெரியாது.

இன்ஜின் நன்றாக ஓடியது. சுருள் மட்டும் சுற்றவில்லை. டீசல் பார்த்தோம், பேட்டரி பார்த்தோம், ஃபியூஸைக் கழற்றி ஊதி மறுபடி மாட்டினோம். இன்ஜின் ஓடும்போது ஃபியூஸை ஏன் பார்த்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குழாயில் பனி அடைத்திருக்கும் என்று நான்தான் பெரிய ஞானி மாதிரி சொன்னேன். பேன்ட்ரியிலிருந்து கெட்டில் கெட்டிலாக வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாய். கொஞ்ச நேரம் ஆவி பறந்தது. பிறகு அந்தத் தண்ணீரெல்லாம் அங்கேயே இறுகி, முன்னைவிடக் கெட்டியாக அடைத்துக்கொண்டது. நீ கெட்டிலைப் பனிமேல் வைத்துவிட்டுக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாய். "எம்மக என்னைய நெசத்துல பாக்கக் குடுத்து வைக்கலடா மாப்ள" என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கோபம் வந்தது. எழுந்திருடா, அழுதால் மெஷின் ஓடுமா என்று கத்தினேன்.

அப்புறந்தான் பாயை வீடியோ காலில் பிடித்தோம். இன்ஜினை அணைத்து சாவியைப் பையில் போடு, பிறகு கை வை என்றார். சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். சுருளின் தண்டில் விரல் பருமனுக்கு ஒரு போல்ட் இருக்கும், பார் என்றார். பாதிதான் இருந்தது. உடைந்துவிட்டது பாய் என்று நீ பயந்து சொன்னாய். அவர் சிரித்தார். "அரே பாய், ஓ டூட்னே கே லியே ஹீ ஹை." உடைவதற்கென்றே போட்ட போல்ட் அது. சுருள் எதிலாவது சிக்கினால் அது உடைந்துபோய், பின்னாலிருக்கும் கியர்பாக்ஸைக் காப்பாற்றும். சும்மா உடையாது, எதில் சிக்கியது என்று தேடு என்றார்.

சறுக்க வருகிறவர்கள் தலை காய வைக்கும் ஹேர் டிரையரை நான் கொண்டுவந்து பிடிக்க, நீ கையை உள்ளே விட்டுத் துழாவினாய். பனி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. முதலில் வந்தது வாசம். மெஷின் வாய்க்குள்ளிருந்து மல்லிகைப் பூ வாசம். பிறகு உன் விரலோடு நைலான் நூல் வந்தது, சுருண்டு, கிரீஸில் ஊறி, நடுவில் இரண்டு மொட்டு அப்படியே வெள்ளையாக. நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போனில் பாய், என்ன கிடைத்தது, என்ன கிடைத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீ அந்த மொட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய்.

புது போல்ட் மாட்டும்போது, என் ஸ்டோரில் இருந்த முரட்டு போல்ட்டைப் போடலாம், இனி உடையவே உடையாது என்றாய். பாய் பதறிவிட்டார். டிராக்டரின் டூல் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருந்த சாதாரண போல்ட்டைத்தான் போட வைத்தார். சாவியைத் திருப்பினாய். சுருள் சுற்றியது, குழாயிலிருந்து பனி சீறிக்கொண்டு போய் மேட்டில் விழுந்தது. ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். என் வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. மேனேஜர் கையெழுத்துப் போடுவதற்கும் ஏர்போர்ட் வண்டி கிளம்புவதற்கும் நேரம் சரியாக இருந்தது. கை கழுவிக்கொண்டு போடா என்று கத்தினேன். ஊரில் போய்க் கழுவிக்கொள்கிறேன் என்று ஓடினாய்.

அதற்கு அடுத்த லீவு உனக்கு வரவில்லை. ஒரு நாள் காலையில் டூட்டிக்கு எழுப்பியபோது நீ எழுந்திருக்கவில்லை என்று உன் ரூம் ஆட்கள் எனக்குப் போன் செய்தார்கள். நெஞ்சுவலி என்றார்கள். அடையாளம் சொல்ல நான்தான் போனேன். குளிரூட்டிய அறையில், குல்லாய் இல்லாமல் படுத்திருந்தாய். காலமெல்லாம் குளிரைத் திட்டியவனைக் கடைசியிலும் குளிரிலேயே வைத்திருக்கிறார்களே என்று அங்கேயே அழுதேன். உன் தங்கச்சி கொடுத்தனுப்பிய மல்லிகைச் சரத்தை உன் மார்பில் வைத்தேன். அந்தக் குளிரில் அது மணத்தது. உடைவதற்கென்றே போட்ட போல்ட் என்று பாய் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. உலகத்தில் எல்லோர் மேலும் எனக்குக் கோபமாக வந்தது, உன் மேலும்தான்.

இப்போது உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நானும் என் வீட்டுக்காரியும் மாதம் தவறாமல் அவளோடு பேசுகிறோம். என்னை மாமா என்கிறாள். உன்னோடு அவள் இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான், காதுகுத்து அன்று கோயிலில் எடுத்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவள் உன் கையில் இருக்கிறாள், உன் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. போன வாரம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்தார்களாம். கையை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கித் தருகிறேன் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னாராம்.

"அப்பா கை ஏன் மாமா அழுக்கா இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"அழுக்கில்ல தாயி. ஒன்னையப் பாக்க வர்றதுக்காக அப்பா பனி மெஷின ரிப்பேர் பண்ணுன கை அது" என்றேன். பூ, போல்ட், வெந்நீர் எல்லாவற்றையும் சொன்னேன். வெந்நீர் ஊற்றிய இடத்தில் உன்னை மாதிரியே வாய்விட்டுச் சிரித்தாள். உன் வீட்டிலும் அதுவரை யாருக்கும் இந்தக் கதை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

படத்தில் எதையும் மாற்ற வேண்டாம் என்று ஸ்டுடியோவுக்கு அவரே போன் செய்துவிட்டார், மாப்ள. கறுத்த கையோடுதான் நீ வீட்டுச் சுவருக்கு வருகிறாய்.