கிழக்குப் பாதியின் மஞ்சள்

1986 ஜனவரி 12, ஞாயிறு

சவூதியிலும் குளிர். காற்றில்லை, மருந்தடிக்க ஏற்ற நாள். தம்மாம் நகரிலிருந்து மருந்துக் கம்பெனி ஆள், கோட்டு சூட்டுடன் வயலில். மருந்து காட்டு ஓட்ஸ் களையைக் கொல்லுமாம், கோதுமையைத் தொடாதாம். இரண்டுமே புல் ஜாதி. மருந்துக்கு எப்படி ஆள் அடையாளம் தெரியும் என்று கேட்டேன். சிரித்தார். எனக்கும் மேனேஜருக்கும் ஆளுக்கொரு டைரி கொடுத்தார். டைரி நன்றாக இருக்கிறது. அதிலேயே எழுதுகிறேன்.

டிராக்டரில் செல்வராசா. யாழ்ப்பாணத்துக்காரர், அளவில் கறார். கிழக்கும் மேற்குமாக ஓட்டி, முழு வயலுக்கும் ஒரே கலவை.

வாங்க: சவர பிளேடு, ஏர்மெயில் கவர், ஊறுகாய்.

ஜன. 22, புதன்

மணல் காற்று. காட்டு ஓட்ஸ் வாடுகிறது. கோதுமையும். வயலின் கிழக்குப் பாதி மஞ்சள். டிரைவர் இரட்டை அளவு அடித்துவிட்டார் என்று மேனேஜர் ரிப்போர்ட் டைப் அடித்து வைத்திருக்கிறார். மஞ்சளை நான் பார்ப்பதற்கு முன்பே காரணம் தயார். என் கையெழுத்துக்கு மட்டும் காலி இடம்.

"போட்டுடுங்கோ சார். அவனுக்கு எக்ஸிட் விசா அடிச்சு ஊருக்கு அனுப்பிட்டா கலாஸ், முடிஞ்சுது." மேனேஜர்தான்.

படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். அரைப் பக்க ரிப்போர்ட். மேனேஜரைப் பற்றி எழுத இன்றைய பக்கம் போதாது. டைரியின் கடைசித் தாளில் எழுதினேன், நிறைவாகத் திட்டி.

ஜன. 23, வியாழன்

செல்வராசா வந்தார். டீயைத் தொடவில்லை.

"நான் ஒருக்காத்தான் அடிச்சனான் சேர். அனுப்பினால் கொழும்பில இறங்கவேணும். என்ர தம்பியை ஏர்போர்ட்டில வச்சுத்தான் கொண்டு போனவங்கள். இன்னும் வரேல்ல."

வயலுக்குப் போனேன். இரட்டை அடி என்றால் வண்டி போன வழியே பட்டை பட்டையாக மஞ்சள் இருக்கும். இங்கே எல்லா ஓட்டத்திலும் ஒரே இடத்தில் தொடங்குகிறது. நேர்கோடு. நவம்பரில் விதை தீர்ந்த இடம் அது. மிச்சத்துக்கு மேனேஜர் கொண்டுவந்தது வேறு ரகம். ஸ்டோரில் வெறும் சாக்குகள். ரகப் பெயர் போட்ட சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

ஜன. 24, வெள்ளி

விடுமுறை. டைரியின் கடைசித் தாளைத் திருப்பினால், பின்பக்கம் அச்சிட்ட அட்டவணை: மருந்தைத் தாங்கும் கோதுமை ரகங்கள், தாங்காதவை. கிழக்குப் பாதி ரகம் தாங்காதவற்றில் மூன்றாவது. விவசாயப் பட்டதாரி நான்; ஊறுகாய் வரை எழுதினேன், இதைப் படிக்கவில்லை.

மேனேஜரின் டைரியைக் கேட்டேன். தயக்கமில்லாமல் கொடுத்தார். கடைசித் தாள் இல்லை. பிளேடால் அறுத்தது. சுத்தமான வேலை.

ஆக, இருப்பது என் தாள் ஒன்றே. ஒரு பக்கம் அட்டவணை, மறுபக்கம் மேனேஜர். நகல் மெஷின் அவர் அறையில். நாளைக் காலை அரபி முதலாளி வருகிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நிற்கப் போகிறவருக்குத் தெரியும்.

பிளேடு வாங்க மறந்திருக்கிறேன். தாளைக் கையால் கிழித்தெடுத்து, ரகச் சீட்டோடு நாளைக்கு வைத்தேன். ஓரம் கோணல்.