பக்கத்து ஷெட்டின் மூன்று பிரஸ்

மாமா,

இன்று காலை ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. பழுப்பு உறை, மேலே அரசாங்க முத்திரை. கையெழுத்துப் போட்டு வாங்கி, அரை மணி நேரம் பிரிக்காமலே மேஜைமேல் வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் கரண்ட் மீட்டரை மாற்றப்போகிறார்களாம், அவ்வளவுதான். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். "மாப்ள, உனக்குப் பேய விட போஸ்ட்மேன்தான்டா பயம்" என்பீர்கள்.

அன்று வந்ததும் இப்படி ஓர் உறைதான். நாம் செய்த பீங்கான் பியூஸ் கட்டை பிடித்துப்போய், ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நம் பட்டறையில் பங்கு வாங்கக் கேட்டிருந்தது. வெளிநாட்டுப் பணம் உள்ளே வர டெல்லி அனுமதிக்க வேண்டும். அதற்காகப் பட்டறையில் இருப்பதையெல்லாம் எழுதி அனுப்பியிருந்தோம். களிமண்ணை அச்சில் அழுத்தும் பிரஸ் நான்கு, இதைத் தவிர வேறில்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான். அதைச் சரிபார்க்க அதிகாரி நேரில் வருகிறார் என்று அந்தத் தபாலில் இருந்தது.

நாலு பிரஸ்ஸோடு பட்டறை சின்னதாகத் தெரியுமே என்று பயந்துவிட்டேன். நம் தொழிற்பேட்டையில் கடன் கொடுக்குமுன் பேங்க் மேனேஜர் பார்க்க வந்தால் என்ன செய்வோம்? பக்கத்து ஷெட்டின் சரக்கையும் மிஷினையும் இழுத்து வந்து நிறைத்துக் காட்டுவோம். அவர்கள் முறை வரும்போது நாம் கொடுப்போம். எனக்கும் அதே புத்திதான் போயிற்று. நீங்கள் பெண்ணாடம் போயிருந்த நேரத்தில் மூன்று பிரஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். திரும்பி வந்த நீங்கள் தலையில் கைவைத்துக்கொண்டீர்கள்.

"அடப்பாவி, இவங்க பேங்க்காரங்க இல்லடா!"

திருப்பி அனுப்ப நேரமில்லை. ஜீப் வாசலுக்கு வந்துவிட்டது.

அதிகாரியாக வந்த அம்மா ஒவ்வொன்றாக எண்ணினார். "லிஸ்ட்ல நாலு. இங்க ஏழு இருக்கு. மீதி மூணு யாரு வாங்கிக் குடுத்தது? அனுமதிக்கு முன்னாடியே வெளிநாட்டுப் பணம் வந்துடுச்சா?"

கேஸு, கோர்ட்டு, ஜெயில் எல்லாம் கண்முன்னே ஓடின. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

நீங்கள்தான் முன்னால் போனீர்கள். "பக்கத்து ஷெட்டுதுங்கம்மா. அவங்கள கூப்ட்டே கேளுங்க, பில்லு வெச்சிருக்காங்க. பெருசா தெரியட்டும்னு நாந்தான் இழுத்தாந்தேன். இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை, மாமா. குனிந்த தலையை நிமிர்த்தவும் இல்லை.

பில்லைப் பார்த்ததால் கேஸ் இல்லாமல் தப்பினோம். ஆனால் ஏமாற்றப் பார்த்தோம் என்று அனுமதி தரவில்லை. அந்தக் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. "உங்கக்காகிட்ட உளறி வெக்காத. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம், நீ தாங்க மாட்ட" என்றீர்கள். நாலு நாள் திட்டுவாள் என்று நினைத்தீர்கள். நீங்கள் கண்ணை மூடும்வரை சொல்லிக்காட்டினாளே! ஒரு நாளாவது என்னைக் காட்டிக்கொடுத்திருக்கக் கூடாதா?

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. அக்காவின் எதிரில் உட்கார எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்த மனுசன் மட்டும் அந்த மூணு மிஷின இழுத்தாராம இருந்திருந்தா, நம்ம வூடு இன்னிக்கி எங்கியோ போயிருக்கும்டா."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தேன்.

"ஆமாக்கா" என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.