கை எட்டாத இடம்

என்னங்க,

சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன். சூடாக்கிச் சாப்பிடுங்கள். நான் வேலை முடிந்து பிலிமத்தலாவை பஸ்ஸில் வருவேன்.

பிள்ளை வரும் வழி கிழியாமலிருக்க, தேங்காயெண்ணெய் தொட்டு அந்த இடத்தைத் தினமும் மெதுவாக நீவ வேண்டுமாம். கிளினிக்கில் பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி சொன்னார். வயிறு மறைக்கிறது, எனக்குக் கை எட்டவில்லை.

“வீட்டுக்காரரைச் செய்யச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க” என்றார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கலகெதரவிலுள்ள உங்கள் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போக மாட்டேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து நீங்கள் முன்னறையில் படுப்பதை நான் சொல்லவில்லை.

சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தனியாகவே செய்கிறேன். எண்ணெய் நீவுவதைத்தான் தனியாகச் செய்ய முடியவில்லை.

கோமளா

நகம் வெட்டிக்கொள்ளுங்கள். நகவெட்டி அலுமாரியில் இருக்கிறது. இன்றைக்கு அறைக்கதவைச் சாத்த மாட்டேன்.