நீங்கள் அனுப்பிய பிரேக் குழாய்கள்

கிங்ஸ்பரி,
வியாழன் இரவு.

அன்புள்ள சுஜீத் அண்ணாவுக்கு,

அங்கே டெட்ரோயிட்டில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் நோவைத் தவிர எல்லோரும் சுகம். அம்மா எழுதினால் இப்படித்தான் தொடங்குவார். ஆனால் அவர் எழுதமாட்டார், அப்பாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபடும் என்கிறார். அதனால் அவர் எழுதவேண்டியதை நான் போர்வைக்குள் டோர்ச் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களுடைய புது போன் நம்பர் எங்களிடம் இல்லை, பார்சலில் இருந்த விலாசம் மட்டும்தான். நீங்கள் அனுப்பிய கதவுக் கண்ணாடி காரின் வருடத்துக்கு அடுத்த வருடத்துடையதாம், அதை அப்பா திருப்பி அனுப்பக் கட்டிவைத்திருக்கிறார், அந்தப் பெட்டியின் அடியில் இதை வைக்கப்போகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்கவேண்டாம், படியில் சத்தம் கேட்டால் டோர்ச்சை அணைத்துவிட்டு இருட்டிலேயே எழுதுகிறேன்.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் போகும்போது கராஜில் எலும்புக்கூடாக நின்ற அமெரிக்கக் கார் இப்போது ஓடுகிறது. இளநீலம், மடித்துத் திறக்கிற வெள்ளைக் கூரை, 1965 இல் பக்டரியை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. அந்த வருடத்து எண் இல்லாத ஒரு ஸ்குரூவைக்கூட அப்பா பூட்டவில்லை. பிரேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, ஓரிடத்தில் கசிந்தால் நாலு சில்லுக்கும் பிரேக் போய்விடும், இரண்டாகப் பிரித்த புது மாதிரியைப் போடுவோம் என்று நீங்கள் சொன்னதும், அப்பா அது ஒறிஜினல் இல்லை என்று கத்தியதும், நீங்கள் அந்தக் கோபத்தோடேயே விமானம் ஏறியதும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அப்பா உங்களுக்கு எழுதியதெல்லாம் பாகங்களின் எண்கள் மட்டும்தானே.

தை மாதம் உங்கள் பார்சல் வந்தது. உடைக்காத பழைய பெட்டி, அதற்குள் மூன்று பிரேக் ரப்பர் குழாய்கள், மேலே சரியான எண், சரியான வருடம். அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் இருந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "பாரப்பா, அவன் கடைசியில விளங்கிக்கொண்டான், என்ர பிள்ளையெல்லே" என்றார். உங்கள் பெயர் வந்தாலே எழும்பிப் போகிறவர் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மூன்று தரம் உங்களைப் பற்றிக் கதைத்தார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நாள் அவர் ஒறிஜினல் கிடைக்கும்வரை பூட்டியிருந்த புதுக் குழாய்களைக் கழற்றிவிட்டு நீங்கள் அனுப்பியதைப் பூட்டிவிட்டார். அவர் பார்த்துச் சந்தோசப்படத்தானே அனுப்பினீர்கள், பூட்டுவதற்கு இல்லையே? அறுபது வருடத்து ரப்பர், அண்ணா. அடுத்த வீட்டுத் தவராசா மாமா பார்த்துவிட்டு, "பெட்டிக்குள்ள படுத்திருந்தாலும் கிழடு கிழடுதான் அண்ணை" என்று சொன்னார். "உமக்குத்தான் தலை நரைச்சது, என்ர குழாய்க்கு இல்லை" என்று அப்பா பகிடி விட, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன ஞாயிறு முதல் ஓட்டம். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, அம்மா கற்பூரம் காட்டி, அப்பா காரை எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். தெருமுனைக்குப் போனதும் அவர் பிரேக்கை அழுத்தினார், கால் அடிமட்டும் இறங்கியது, கார் நிற்கவில்லை. ஹான்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினார். ஒரு பஸ் எங்களுக்கு முன்னால் குறுக்கே போனது, அதன் ஜன்னலில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கை காட்டியது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, குழாய்க்குள் காற்று நின்றிருக்கும், எடுத்துவிட்டால் சரி என்றார். அம்மாவோ வாசலில் தரையைப் பார்த்துவிட்டு, "ஒரு தேசிக்காய் நசியாமல் உருண்டு போட்டுது, அதுதான் கண்ணூறு கழியேல்லை" என்று வெம்பிளிக் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தத் தேசிக்காய் வைத்திருந்த முன்சில்லின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. நான் காரின் கீழே ஒரு மட்டை வைத்தேன், காலையில் அதில் என் உள்ளங்கையளவு கறை. சில்லு திரும்பி நிற்கும்போது குழாயில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. அப்பாவுக்குக் காட்டினேன். "பழைய கார் எண்டால் கொஞ்சம் வேர்க்கும், நீ போய்ப் படி" என்றார். இவ்வளவு பழைய காருக்கு வருடாவருடம் செய்கிற எம்.ஓ.டி சோதனையும் கட்டாயம் இல்லையாம், ஆகவே வேறு ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்த மாதம் கடைசி ஞாயிறு பிரசாந்தினி அக்காவின் கலியாணம். சித்தி தன் மகளுக்காகக் கேட்க, கலியாணப் பொம்பிளையை இந்தக் காரில்தான் கொண்டுபோவேன் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். படம் பிடிக்கிறவர் ஹரோ மலைக்கு மேலே, கூரையைத் திறந்துவிட்டுப் படம் எடுக்கவேண்டும் என்கிறார். மேலே ஏறினால் இறங்கத்தானே வேண்டும். அந்த இறக்கத்தில், ஒரு காலத்தில் காரோட்டி ஒருவர் செத்த விபத்தைச் சொல்லும் பலகை இருக்கிறது. பள்ளிக்கூடத்தால் நடந்து வரும்போது இப்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. சாவியை ஒளிக்கலாம் என்று நினைத்தேன், அவரிடம் இன்னொன்று இருக்கிறது. நான் சொன்னால் சின்னப் பிள்ளை, தவராசா மாமா சொன்னால் பகிடி, அம்மாவுக்கு அது கண்ணூறு. அந்தக் குழாயை அவர் காருக்காகப் பூட்டவில்லை அண்ணா, அது நீங்கள் அனுப்பியது என்பதால் பூட்டினார். அதனால் நீங்கள் சொன்னால் மட்டும்தான் கழற்றுவார். நீங்கள் அன்றைக்குச் சொன்னதுதான் சரி என்று மட்டும் சொல்லிவிடவேண்டாம். அந்தக் குழாயை அலுமாரியில் வையுங்கோ அப்பா, நான் வந்து பார்க்கவேணும் என்று சொல்லுங்கள், போதும். அவருடைய நம்பர் மாறவில்லை. இரவில் போனைத் தலையணைக்குப் பக்கத்தில்தான் வைத்துக்கொண்டு படுக்கிறார்.

பிள்ளையார் உங்களுக்குத் துணை நிற்கட்டும், அம்மாவின் ஆசியையும் நானே சேர்த்து அனுப்புகிறேன். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகவேண்டாம். ரூபி எழுதினாள் என்று அப்பாவிடம் சொல்லவேண்டாம், மறக்காதீர்கள். கலியாணத்தன்று முன்சீட்டில் அம்மா இருப்பார், பின்சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் தோழியாக நான். அங்கே பெல்ட் இல்லை, 1965 இல் இருக்கவில்லையாம். வரமாட்டேன் என்று சொல்லலாம்தான், ஆனால் அவர்களைத் தனியே இறங்க விட எனக்கு ஏலாது. அதற்கு முன்னம் அப்பாவுக்குப் போன் எடுங்கோ அண்ணா.

உங்கள் தங்கச்சி,
சிவரூபினி