நொச்சிக்கரை வழக்கும் முந்நூறு குதிரைகளும்

மலை பதினேழும் ஆறு மூன்றும் ஊர் தொள்ளாயிரத்து நாற்பதும் உடைய கூவிள நாட்டின் காவலரும், இருகரைக் குடிக்கும் முறை வழுவாது நிற்பவரும், பேரணை கண்டவருமாகிய திருமிடலக் கோமகனார், முத்து விளையும் கடலும் கலங்கள் நெருங்கி நிற்கும் துறையும் உடைய முத்தூற்று நாட்டு அரசர், எம் தங்கையின் கொழுநர், மைத்துனர் விறலேந்தியார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் வலை வீசியவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்க. கலம் ஏறியவர் அனைவரும் கரை சேர்க. எம் தங்கையும் மருமக்களும் நோயின்றி வாழ்க. இங்கு அரசியாரும் யாமும் நலம்.

தங்கள் ஓலை நேற்று முன்தினம் வந்து சேர்ந்தது. எம் குடிகளே எம்மேல் வழக்குத் தொடுப்பதற்கென்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கேள்வியுற்றதாகவும், அதனால் எம் தங்கை மூன்று வேளை உணவு கொள்ளவில்லை என்றும், ஆட்டம் கண்ட எம் அரசைத் தாங்கிப் பிடிக்க முந்நூறு குதிரை வீரரைச் சங்குப்பாறை எல்லைக்கு அனுப்பியிருப்பதாகவும் அதில் கண்டோம். அன்புக்கு நன்றி. எம் தங்கை மூன்று வேளை உண்ணாதிருந்தாள் என்பதை மட்டும் யாம் நம்பவில்லை; அவளைத் தொட்டில் நாள் முதல் அறிவோம்.

நாட்டில் நடந்ததை ஒற்றர் வாயால் கேட்டால் இப்படித்தான் தலைகால் புரியாமல் வந்து சேரும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம்.

எம் நாட்டில் நாட்டு வழக்குரைஞர் என்று ஒரு பதவி உண்டு. குடிகளின் பெயரால் மன்றத்தில் நின்று, கள்வனானாலும் படைத்தலைவனானாலும் அரசனேயானாலும், குற்றம் செய்தவர்மேல் வழக்குரைப்பவர் அவர். அரசன்மேல் வழக்குத் தொடுக்க அவர் ஒருவருக்கே உரிமை. எம் முன்னோர் அவரைத் தாமே அமர்த்தும் உரிமையைக் குடிகளிடம் கொடுத்துவிட்டனர். ஏழாண்டுக்கு ஒருமுறை குடிகள் தேர்கிறார்கள். ஆற்றணியார், மலையணியார் என்று நாட்டில் இரண்டு அணி. முதலில் ஒவ்வோர் அணியும் தனக்குள் போட்டி வைத்து ஒருவரை நிறுத்தும். பிறகு அவ்விருவரும் நாடு முழுவதற்கும் முன்னே நிற்பர். வீட்டுக்கு ஒரு விதை. ஆற்றணிக்குப் புன்னைவிதை, மலையணிக்கு வேப்பவிதை. துணி மூடிய மிடாவுக்குள் கையை விட்டு ஒன்றை இட வேண்டும். யார் எதை இட்டார் என்பது அவரவர் உள்ளங்கைக்கே தெரியும்.

விதை இடுமுன் எதிருரை என்றொரு வழக்கம். போட்டியிடுவோர் ஒவ்வொருவரும் எதிரியின் பக்கத்தை எதிரியே மெச்சும்படி எடுத்துரைக்க வேண்டும். எதிரி ஆம் என்று தலையசைத்தால்தான் தம் பக்கத்தைப் பேச வாய் திறக்கலாம். மூன்று முறை பேசியும் தலையசையாவிட்டால் போட்டியிலிருந்து விலக வேண்டியதுதான். எதிரி வீம்புக்குத் தலையசைக்காதிருந்தால் அவரே விலக்கப்படுவார். அதைத் தீர்மானிக்கப் பன்னிரு சான்றோர் உண்டு. பேசியது ஒவ்வொன்றும் நாட்டேட்டில் எழுதப்படும். எழுதியதை எவரும் அழிக்க முடியாது.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. எழினிக்கோதை என்பது பெயர். வேங்கைத்துறையில் ஓடம் விடும் குடியில் பிறந்தவள். பதினைந்து ஆண்டுகளாக ஊர்மன்றங்களில் வழக்குரைத்தவள். குரல் பெரிதன்று. ஆனால் கேட்டதை மறக்கமாட்டாள், கேட்காததை விடவும் மாட்டாள். அவள் வழக்குரைஞர் பதவியை நாடியது ஒரே ஒரு காரணத்திற்காக. அந்தக் காரணத்தின் பெயர் நொச்சிக்கரை.

யாம் பேரணை கட்டியபோது, நீர் தேங்கும் இடத்தில் குடியிருப்பு எதுவும் இல்லை என்று எம் அளவையாளர் எழுதிக் கொடுத்தனர். யாம் முத்திரை இட்டோம். அந்தப் பள்ளத்தில் நாற்பது வீடுகள் இருந்தன. காட்டுத் தேனும் நொச்சிக்கூடையும் விற்று வாழ்ந்த அம்மக்களை எந்த ஏட்டிலும் எவரும் எழுதியதில்லை. ஐப்பசி மழையில் நீர் ஏறியது. ஆடுகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் மேட்டுக்கு ஏறினர். மாற்று நிலம் கேட்டு எம் அலுவலகத்துக்கு வந்தபோது, ஏட்டில் இல்லாத ஊருக்கு நிலம் எங்கிருந்து வரும் என்று கேட்டு எம் அதிகாரிகள் திருப்பி அனுப்பினர். ஆறு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. ஏழாண்டுக்குள் வழக்காகாத முறையீடு செத்த முறையீடு என்பது எம் சட்டம். வரும் வழக்குரைஞர் அதை எடுக்காவிட்டால் நொச்சிக்கரை என்றென்றைக்கும் இல்லாத ஊர். எழினிக்கோதையின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது இதுதான்.

ஆனால் அவளை நிறுத்த அவள் அணியிலேயே ஆள் இல்லை. ஆற்றணியின் மூத்தவர் நல்லாழி கிழார் இருமுறை நின்று தோற்றவர். இம்முறை வெற்றி தமக்கே என்றிருந்தார். அணையைப் பற்றி இப்போது வாய் திறந்தால் அணைநீரால் விளையும் நூறு ஊர்களும் எதிரே போய்விடும், வென்றபின் மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் பக்கம். சொல்லாமல் வென்றால் குடிகள் அந்த வழக்குக்கு ஒப்பவில்லை என்று அரசர் தரப்பு சொல்லும், ஆகவே சொல்லியே வெல்ல வேண்டும் என்பது அவள் பக்கம்.

மருதந்தோப்பில் ஆற்றணி கூடியது. எதிருரையில் அவள் கிழாரின் பக்கத்தைப் பேச வேண்டும். பேசினாள். தோற்றுப்போன நியாயத்தால் நனைந்த குடிக்கு என்ன பயன், வென்ற மௌனம் ஒரு கூரையாவது போடும் அல்லவா என்று அவள் கேட்டபோது, அவளுக்காகவே வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கிழார் பக்கம் சாய்ந்துவிட்டனர். கிழார் மூன்று முறை தலையசைத்தார். ஒரு முறை போதும் என்று சான்றோர் நினைவூட்ட வேண்டியிருந்தது. அவள் அண்ணன் தோப்பை விட்டே எழுந்து போய்விட்டான். தன் காலைத் தானே வெட்டிக்கொள்ளும் வழக்குரைஞரை உலகம் கண்டதில்லை என்று அவன் ஓடத்துறையில் சொல்லித் திரிந்ததை எம் ஒற்றரும் கேட்டனர்.

பதினொரு விதை வேறுபாட்டில் அவள் தப்பிப் பிழைத்தாள். கிழார் எழுந்து, தம் பக்கத்தைத் தம்மைவிட நன்றாகச் சொன்னவளை அனுப்பாமல் வேறு யாரை அனுப்புவது என்று தம் ஆட்களிடம் கேட்டு, அன்று முதல் அவளுக்காக ஊர் ஊராக நடந்தார். அறுபத்தெட்டு வயதில், வீங்கிய முழங்காலோடு நடந்தார். மைத்துனரே, இந்த மனிதர் எம் குடி என்பதில் எமக்கு எவ்வளவு செருக்கு என்பதை ஓலையில் எழுத இடம் போதாது.

மலையணி நிறுத்தியவர் சேந்தன் பூவனார். போட்டியின்றியே நிறுத்தப்பட்டார், எம் அரண்மனை வழக்குகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்தியவர், நாவன்மையில் நாட்டிலேயே அவருக்கு இணை இல்லை. அவர் வென்றால் அந்த முறையீடு தானாகவே செத்துவிடும். அவர் வெல்ல வேண்டும் என்று யாமும் விரும்பினோம். மறைப்பானேன்?

பங்குனி முழுநிலவு நாளில், காலை வெயிலில், தேரடித் திடலில் நாடு கூடியது. அரசன் அந்தத் திடலில் கால் வைக்கக் கூடாது என்பதால் யாம் தேர் நிறுத்தும் தேர்முட்டி மேடைமேல் நின்று கண்டோம். எழினிக்கோதை முதலில் பேசினாள். பூவனாரின் பக்கம் என்பது எம் பக்கமே. பேரணை வந்தபின் நூறு ஊர்களில் இருபோகம் விளைவதையும், பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வந்ததையும், தன் வீட்டு வயலும் அந்நீரால்தான் பச்சையாய் நிற்பதையும் சொன்னாள். அணை கட்டியவர் உறங்காமல் கரையில் நின்ற முப்பது நாட்களையும் அவள் விடவில்லை. அது எமக்கும் எம் மெய்க்காவலருக்கும் மட்டுமே தெரியும் என்று இருந்தோம். எமக்குக் கண் கலங்கியது. கீழே கிழார் நெற்றியில் அடித்துக்கொள்வதும் தெரிந்தது. பூவனார் உடனே தலையசைத்தார்.

அடுத்து அவர் எழுந்தார். அவளுடைய பக்கத்தை அழகாகவே பேசினார். குடியை நீர் கொண்டுபோனால் அரசு ஈடு செய்ய வேண்டும் என்பதையும், அரசனும் சட்டத்துக்கு உட்பட்டவன் என்பதையும் அடுக்கடுக்காகச் சொன்னார். திடல் ஆரவாரித்தது. எழினிக்கோதை தலையசைக்கவில்லை. அவர் புன்னகையோடு மறுபடி தொடங்கி, இன்னும் அழகாக, இன்னும் நீளமாகப் பேசினார். அவள் தலை அசையவில்லை. வீம்பு என்று மலையணியார் கூச்சலிட்டனர். சான்றோர் எழுந்து அவளிடம் காரணம் கேட்டனர். வீம்பு என்று அவர்கள் தீர்த்தால் அவளும் போவாள், அவளோடு நாற்பது வீடும் போகும்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை."

பூவனார் மறந்து விட்டதல்ல அது. எதிருரையில் வந்த சொல் நாட்டேட்டில் ஏறும். ஏறினால் அப்படி ஓர் ஊர் உண்டு என்பதை எம் தரப்பே ஒப்பியதாகும். அவர் அதை அறிவார், யாமும் அறிவோம். சான்றோர் அவள் கேட்டது முறையே என்றனர்.

பூவனார் தலை நிமிர்ந்து தேர்முட்டியில் நின்ற எம்மைப் பார்த்தார். யாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். சொல் என்றும் குறிப்புக் காட்டவில்லை, சொல்லாதே என்றும் காட்டவில்லை. எம் ஆட்சியில் யாம் வெட்கப்படும் நொடி அது ஒன்றே. பன்னிரண்டு ஆண்டு எம் உப்பைத் தின்ற மனிதர் தனியாக நின்றார்.

பிறகு அவர் பேசினார், இம்முறை அழகு எதுவும் இல்லாமல். நொச்சிக்கரை என்றார். நாற்பது வீடு என்றார். எந்த வீட்டில் யார் இருந்தனர் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். எம்மிடம் வந்த முறையீட்டை அவர் ஒருமுறையேனும் முழுதாகப் படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எமக்குத் தெரிந்தது. யாம் படித்ததில்லை. எழுத்தர்களின் எழுத்தாணி ஓடும் ஓசை மேலே வரை கேட்டது. அவர் முடித்ததும் எழினிக்கோதை தலையசைத்தாள். தன் பக்கத்தைப் பேச அவளுக்கு உரிமை இருந்தும், ஐயா சொன்னதற்குமேல் தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அமர்ந்துவிட்டாள்.

மிடாக்களைக் கவிழ்த்தபோது புன்னைவிதை இருநூற்றுப் பன்னிரண்டு கூடுதல். அணைநீர் பாயும் ஊர்களிலிருந்தும், மலையணியின் ஊர்களிலிருந்தும் புன்னை வந்திருந்தது. நாட்டு வழக்குரைஞருக்கு உரிய வெள்ளைக் கோலைப் பூவனாரே எடுத்து அவர் கையில் கொடுத்தார். இனி அவரை அவர் என்றே எழுதுவது முறை. கோலை வாங்கிக்கொண்டு எழினிக்கோதையார் முதல் வேலையாக எமக்கு அழைப்போலை எழுதினார். வைகாசி வளர்பிறை ஐந்தாம் நாள் யாம் மன்றில் நிற்க வேண்டும்.

இதைத்தான் தங்கள் ஒற்றர் எம் அரசு ஆட்டம் கண்டது என்று சொன்னார் போலும். மைத்துனரே, தங்கள் நாட்டில் அரசன்மேல் வழக்கில்லை என்பது அரசன் தவறே செய்யாததால் அன்று என்பதைத் தாங்களும் அறிவீர், தங்கள் மனைவியும் அறிவாள். எம் நாட்டில் ஓடக்காரர் மகள் கேட்டால் அரசன் வந்து நிற்பான். வேறெந்த நாட்டில் இது உண்டு, சொல்லுங்கள் பார்ப்போம். அணையை விட்டுக்கொடுக்க மாட்டோம். அதற்காக முழுமூச்சாய் வழக்காடுவோம். பூவனாரே எமக்காகப் பேசுவார். ஆனால் மன்றிலும் எதிருரை உண்டு. அதை மட்டும் வேறொருவர் பேச முடியாது, வழக்கில் உள்ளவரே பேச வேண்டும். நொச்சிக்கரையின் பக்கத்தை எம் வாயால், எழினிக்கோதையார் தலையசைக்கும்படி யாம் சொன்ன பிறகே எமக்கு இருக்கை. அந்தப்புரத்தில் பயிற்சி செய்கிறோம். அரசியார் எதிரே அமர்ந்து கேட்கிறார். மூன்று நாளாயிற்று, இன்னும் தலையசைக்கவில்லை.

ஆகவே, சங்குப்பாறையில் நிற்கும் முந்நூறு குதிரைகளில் ஒன்றும் எல்லைக்கல்லைத் தாண்டலாகாது. தண்ணீர் காட்டித் திருப்பி அனுப்புக. எம் எல்லைக் காவலருக்கும் அவ்வாறே ஆணை சென்றுள்ளது. தாங்களும் எம் தங்கையும் படையின்றி, வாளின்றி, வைகாசி வளர்பிறை ஐந்தாம் நாள் வந்து குடிகளோடு தரையில் அமர்ந்து காண்க. இது அழைப்பு.

ஓலையின் தலைப்பைப் பழைய வழக்கப்படி எம் ஓலைநாயகம் எழுதினார். முடிவை யாமே எம் கையால் எழுதுகிறோம். பிழை என்று எண்ணவேண்டாம், தலைப்பில் உள்ளதுதான் பிழை. மலை பதினேழும், ஆறு மூன்றும், நொச்சிக்கரை உள்ளிட்ட ஊர் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றும் உடைய கூவிள நாட்டுத் திருமிடலன், அணைமுத்திரை இட்டு விடுத்தது.