இரண்டு கோடுகள் சந்திக்கும் இடம்

மார்ச் 4, புதன்

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு. எலும்பு மருத்துவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டீயரிங் பிடிக்கலாமா?"

"கொஞ்ச நாளைக்குக் கார் வேணாம் டாக்டர்" என்றார், சக மருத்துவரிடம் பேசும் மரியாதையோடு.

"கார் இல்ல. கேம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டின் படத்தைப் பார்த்தேன். அதுவும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

என் மனைவி மயக்க மருந்து மருத்துவர். மற்றவர்கள் வெட்டித் தைக்கும்போது, திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்து ஆளை உயிரோடு வைத்திருப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் கார்ப் பந்தய விளையாட்டு, அதிலும் கோடுகள். சமையல்காரர்கள் விடுமுறையில் ஓட்டலுக்குப் போவார்களே, அது மாதிரி.

மார்ச் 5

விஷயம் விளையாட்டு மட்டுமல்ல. அது இருவர் அணி. இன்னொருவன் அவள் தம்பி, வெளிநாட்டில் இருக்கிறான். அப்பா இறந்ததும் அவருடைய பழைய காரை அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டான். அவள் ஓட்டக் கற்றது அந்தக் காரில். அன்றோடு பேச்சு நின்றது. பல வருடம் கழித்து இந்த ஆட்டம்தான் இருவரையும் ஓர் அணியில் உட்காரவைத்தது. காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு டயர், பெட்ரோல், கியர் பற்றி மட்டும் பேசுகிறார்கள். முன்பு "அக்கா" என்றவன் இப்போது "கேப்டன்" என்கிறான். தூதரகங்களை மூடிவிட்ட இரண்டு நாடுகள் வானிலை அறிக்கையை மட்டும் பரிமாறிக்கொள்வதைப் போல.

மாதக் கடைசியில் தகுதிப் பந்தயம். முதல் பத்து இடத்துக்குள் வராவிட்டால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். "கீழ இறங்கினா நான் வரல, கேப்டன்" என்று சொல்லிவிட்டானாம். சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தட்டில் இருந்ததுதான் அப்படியே இருந்தது.

"பாதி தூரம் அவன் ஓட்டுவான். மீதி நீங்க ஓட்டுங்க."

பத்திரிகையில் பகடிக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஊரைக் கேலி செய்தவனை வேடிக்கை பார்க்க ஊருக்கு ஒரு வாய்ப்பு.

மார்ச் 8, ஞாயிறு

சுவரில் மோதினேன். வேறு செய்தி இல்லை.

மார்ச் 11

ஒவ்வொரு காருக்கும் ஆட்டத்தில் ஒரு வரைபடம் உண்டு. கீழே இன்ஜின் சுழலும் வேகம். மேலே இரண்டு கோடுகள்: ஒன்று முறுக்குவிசை, அதாவது இன்ஜின் திருகும் பலம்; மற்றது பவர். முறுக்குவிசை சீக்கிரமே உச்சிக்கு வந்து பிறகு சோர்கிறது, வேலையில் புதிதாகச் சேர்ந்தவனைப் போல. பவர் மெதுவாக ஏறிக் கடைசியில் தலைகாட்டுகிறது, மேலதிகாரியைப் போல. இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன.

அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. எந்தக் காரை எடுத்தாலும் அவை நிமிடத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் சுழற்சியில்தான் சந்திக்கின்றன! லாரி போன்றதிலும் அங்கேதான், ராக்கெட் போன்றதிலும் அங்கேதான். உழைப்பும் வேகமும் கைகுலுக்கும் புள்ளி. கியர் மாற்ற வேண்டிய இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதிவைத்தேன். நன்றாக வந்திருக்கிறது. வள்ளுவர் காலத்தில் இன்ஜின் இருந்திருந்தால் ஒரு குறள் மிஞ்சியிருக்கும்.

மார்ச் 13

என் தத்துவப்படி ஓட்டினேன். எல்லோரும் என்னை முந்தினார்கள். மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் அங்கயே கியர் மாத்துறீங்க?"

விளக்கினேன். எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள் — நோயாளிகளிடம் பழகிய பொறுமை.

"எல்லாக் கார்லயும் ஒரே இடத்துல சந்திக்குதுன்னா, அது காரைப் பத்தின சேதியா, இல்ல வரைஞ்ச விதத்தைப் பத்தின சேதியா?"

அமைப்புகளுக்குள் போய் அலகை மாற்றினாள். குதிரைத்திறனும் பவுண்டு-அடியும் போய்க் கிலோவாட்டும் நியூட்டன்-மீட்டரும் வந்தன. கோடுகளின் வடிவம் மாறவில்லை, ஆனால் சந்திப்பு? காணோம். படத்தை விட்டே வெளியே போய்விட்டது. நான் பிரபஞ்சத்தின் நடு ஆணி என்று நினைத்தது ஒரு பொத்தானின் வேலை.

"எழுதினது நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கார்தான் ஓடாது."

மார்ச் 14

இன்று அவள் படிக்கிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உச்சியைத் தேடுவதே இல்லை. நான் அதை மட்டும்தான் தேடுகிறேன். பரிசு வாங்கியவர் யார் என்று தெரிந்தால் போதும் எனக்கு. அவள் ஒற்றை விரலால் கோட்டின் தோள்களைத் தடவுகிறாள்: எங்கே ஏறுகிறது, எவ்வளவு தூரம் தாங்குகிறது, எங்கே கைவிடுகிறது.

"இது ஊசி மாதிரி. உச்சி பெருசு, நிக்க இடமில்ல. கொஞ்சம் பிசகினா ஒண்ணுமே இருக்காது. உங்களுக்கு இது வேணாம்." அடுத்த படம். "இது மேசை மாதிரி. உச்சி சின்னது. ஆனா எங்க தப்பு பண்ணினாலும் தாங்கும்."

"என் குணம் தெரிஞ்சு சொல்றியா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க கிராஃபையும்தான் பாத்துட்டிருக்கேன்."

கியர் எங்கே மாற்றுவது? உச்சியைக் கொஞ்சம் தாண்டவிட்டு. அப்போதுதான் அடுத்த கியரில் சுழற்சி இறங்கும்போது உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் போய் நிற்கும், மறுபடி ஏறலாம். இறங்கும் இடத்தைப் பார்த்துத்தான் ஏறும் இடத்தை முடிவுசெய்ய வேண்டும். இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன மெய்யியல் நூல் எதையும் நான் படித்ததில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பட்ட சூடு போதும்.

மார்ச் 22

மேசைக் காரிலேயே பயிற்சி. மூன்று நாளாகச் சுவரில் மோதவில்லை. சுவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

மார்ச் 28, சனி

பந்தயம். முதல் பாதியைத் தம்பி ஓட்டி, ஏழாவது இடத்தில் என் கையில் கொடுத்தான். என் இரண்டு காதிலும் அக்காவும் தம்பியும். "இப்ப மாத்துங்க." "மாமா, பிரேக்!" "இன்னும் வேணாம், விடுங்க, விடுங்க... இப்ப."

மலைச்சாலை ஏற்றம். பயத்தில் கியரைக் குறைக்க மறந்துவிட்டேன். இன்ஜின் முனகியது. ஆனாலும் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது.

"மூணுலயே விடுங்க, தாங்கும்" என்றாள். அடுத்த மூச்சில், யோசிக்காமல், "அப்பா வண்டி மாதிரி."

ஒரு வளைவு போயிற்று, இன்னொன்றும் போயிற்று. என்னை இரண்டு பேர் முந்தினார்கள், யாரும் திட்டவில்லை.

பிறகு தம்பியின் குரல். "மூணாவதைத் தாண்டி அவரு போனதே இல்லயேக்கா."

"'நாலு, அஞ்செல்லாம் பணக்காரங்களுக்குடா'ம்பாரு."

அவன் சிரித்தான், அல்லது அது போன்ற ஏதோ ஒன்று. இவள் கட்டுப் போட்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இடையில் நான் ஒருவன் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் இடம். கீழே இறங்கிவிட்டோம்.

முடிவுப் பட்டியல் திரையில் நின்றது. அவள் அதைப் பார்க்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் என்ன சொல்வானோ என்று நானும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சரி. கீழ்ப் பிரிவுல பயிற்சி எந்தக் கிழமை?"

ஏப்ரல் 6

இன்ஜின் பற்றிய நூல் ஒன்று வாங்கினேன். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு தவறு என்று அவள் பென்சிலால் குறித்திருக்கிறாள். தவறுதான். எழுதியவர் பேராசிரியர். பாவம், அவருக்கும் இப்படி ஒரு மனைவி இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

ஏப்ரல் 17

கட்டைப் பிரித்தாகிவிட்டது. கை மெலிந்திருக்கிறது.

மதியம் வெளிநாட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. துணியில் சுற்றி, பழைய கியர் குமிழ் ஒன்று. அப்பாவின் காரை விற்பதற்கு முன்னால் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறான். தலையில் பொறித்த எண்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. எது ஒன்று, எது இரண்டு என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, குமிழை உள்ளங்கையில் பொதித்து, காற்றில் மெல்ல நகர்த்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அங்கேயே வைத்துக்கொண்டாள்.